டிராப் கிக் பிசகினால் நடுவர் என்ன செய்வார்?

[திரையில்: மைதானத்தின் நடுக்கோடு. ஒருவர் பந்தோடு நிற்கிறார்.]

ரக்பி ஆட்டம் தொடங்கப் போகிறது. உதைப்பவர் பந்தைக் கையிலிருந்து விடுகிறார். முட்டை வடிவப் பந்தல்லவா, முனை கொஞ்சம் சாய்ந்து விழுந்து பக்கவாட்டில் துள்ளிவிடுகிறது. முதல் துள்ளலில் கால் எட்டவில்லை. இரண்டாவது துள்ளலில் எட்டியது. பந்து உயரப் பறக்கிறது, கூடவே விசிலும் ஒலிக்கிறது.

பந்து நன்றாகத்தானே போனது? போனதுதான். ஆனால் அது டிராப் கிக் இல்லை; ஆட்டத்தைத் தொடங்க டிராப் கிக் கட்டாயம்.

[திரையில்: அதே உதை, மெதுவாக.]

பந்தை வேண்டுமென்றே தரையில் விட்டு, முதல் துள்ளலில் அது எழும்போது உதைக்க வேண்டும். விதி இவ்வளவுதான். தரையைத் தொடாமலே உதைத்தால் அது பண்ட். இரண்டு முறை துள்ளவிட்டால், அது எந்தக் கணக்கிலும் வராது. மற்றபடி, முழங்காலுக்குக் கீழே குதிகால் தவிர எங்கே பட்டாலும் உதைதான். பந்து காலின் முன்னெலும்பில் பட்டுக் கோணலாகப் போனாலும் அது முறையான டிராப் கிக்.

நடுவருக்குத் தலைவலி இதில்தான். கைதேர்ந்த வீரர்கள் பந்து தரையைத் தொடும் நொடியிலேயே காலை வைத்துவிடுவார்கள். தொட்ட பிறகா, தொடும் முன்பா என்று கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம். தெளிவாகத் தெரியாத பிசகுக்கு விசில் ஊதாமல் விடுவதே சரி என்பது என் எண்ணம்.

சரி, பிசகு தெளிவாகவே தெரிகிறது. அப்புறம்?

பெனால்டி கிடையாது. ஆட்டத்தைத் தொடங்கும் கிக்-ஆஃப் என்றால், முடிவெடுக்கும் உரிமை எதிரணிக்குப் போகிறது. மறுபடி உதைக்கச் சொல்லலாம்; அல்லது நடுக்கோட்டின் மையத்தில் ஸ்க்ரம் (இரு அணி வீரர்களும் தோள் பின்னி எதிரெதிரே தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது) கேட்கலாம், பந்தை உள்ளே போடுவதும் அவர்களே. நான் கேப்டனாக இருந்தால் யோசிக்காமல் ஸ்க்ரம்தான் கேட்பேன். இரு அணிகளின் 16 பேர் ஓரிடத்தில் முடங்கிக்கொள்ள, மீதி மைதானம் வேகமாக ஓடுகிறவர்களுக்குத் திறந்து கிடக்கும். மறுபடி உதைக்கச் சொன்னால் பந்து எங்கே விழும், யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

தன் கோல் கோட்டிலிருந்து 22 மீட்டர் தள்ளியுள்ள கோட்டிலிருந்து உதைத்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் டிராப்-அவுட்டிலும் இதே கதைதான். ஸ்க்ரம் மட்டும் அந்தக் கோட்டின் மையத்துக்கு நகரும். உதைத்த அணிக்கு அது அதிக ஆபத்து, அவர்களுடைய கோல் கோடு பக்கத்திலேயே இருக்கிறது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிற இன்னொரு தவறு உண்டு. கிக்-ஆஃபில் உதை சரியாக இருந்து, சக வீரர் யாராவது பந்துக்கு முன்னால் ஓடியிருந்தால், தேர்வு எதுவும் இல்லை. நேரே ஸ்க்ரம்.

[திரையில்: கோல் கம்பங்கள்.]

ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கோல் நோக்கி உதைப்பது வேறு விஷயம். 2003 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், சிட்னியில், கூடுதல் நேரம் முடியப்போகும் வேளையில் இங்கிலாந்தின் ஜானி வில்கின்சன் வலது காலால் உதைத்த டிராப் கோல்தான் (டிராப் கிக்கில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவது) ஆஸ்திரேலியாவை 20-17 என்று வீழ்த்தியது. அவருக்குப் பழகிய கால் இடதுகால். அந்த உதையில் பந்து தரையில் படாமலே கம்பங்களுக்கு நடுவே போயிருந்தால்? தண்டனை எதுவும் இருந்திருக்காது. ஓடும் ஆட்டத்தில் பண்ட் அடிப்பது குற்றமில்லையே. ஆனால் 3 புள்ளி கிடைத்திருக்காது. கிக்-ஆஃபில் டிராப் கிக் கட்டாயம், அதனால் மீறினால் எதிரணிக்குச் சலுகை. இங்கே அது வீரரின் விருப்பம், பிசகினால் போனது புள்ளி மட்டும்.

முறையாக உதைத்தும் புள்ளி கிடைக்காத ஒரு நிலையும் உண்டு. எதிரணியின் சிறு தவறுக்காக ஃப்ரீ கிக் பெற்ற அணி உடனே டிராப் கோல் போட முடியாது. பந்து ஆட்டத்திலிருந்து நீங்க வேண்டும், அல்லது எதிரணி வீரர் பந்தைத் தொட்டிருக்க வேண்டும், அல்லது பந்தோடு வந்தவரை மடக்கியிருக்க வேண்டும். அதற்கு முன் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினாலும் நடுவர் கண்டுகொள்ள மாட்டார், ஆட்டம் தொடரும்.

டிராப் கிக் ஒருவரைக் காப்பாற்றும் இடமும் இருக்கிறது. எதிரணியின் கோல் கோட்டிலோ அதற்கு அப்பாலோ பந்தைத் தரையில் வைத்துப் போடும் டிரைக்குப் பிறகு, கூடுதல் புள்ளிக்காகக் கம்பங்களை நோக்கி உதைக்கும் கன்வெர்ஷனில், உதைப்பவர் ஓடிவரத் தொடங்கியதும் நிறுத்திவைத்த பந்து சாய்ந்துவிட்டால், அவர் அதை எடுத்து டிராப் கிக்காக உதைக்கலாம். எதிரணி அதற்குள் பாய்ந்து வந்துகொண்டிருக்கும். 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் செஸ்லின் கோல்பி ஓடிவந்து பிரான்சின் கன்வெர்ஷன் உதையைத் தடுத்ததும், தென்னாப்பிரிக்கா 29-28 என்று ஒரே புள்ளியில் வென்றதும் நினைவிருக்கும்.

[திரையில்: ஏழு பேர் அணி.]

ஏழு பேர் ஆடும் செவன்ஸில் கன்வெர்ஷனே டிராப் கிக்தான். கிக்-ஆஃப் பிசகினால் அங்கே தேர்வும் இல்லை, ஸ்க்ரமும் இல்லை. நடுக்கோட்டின் மையத்தில் எதிரணிக்கு ஃப்ரீ கிக். உதைத்தவர் தலையில் கைவைத்து நிமிர்வதற்குள் பந்தைக் காலால் தட்டிவிட்டு ஓடத் தொடங்கியிருப்பார்கள்.