சரளைக்கல் மைதானத்து லீக்

வணக்கம் நேயர்களே. ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் மேற்குப் பக்கத்தில் குவீன்ஸ்டவுன் என்று ஒரு சுரங்க ஊர் இருக்கிறது. அங்கே ஃபுட்டி ஆடும் மைதானத்தில் பேருக்குக்கூடப் புல் கிடையாது, முழுக்கச் சரளைக்கல். ஃபுட்டி என்பது ஆஸ்திரேலியர்கள் தாங்களே உருவாக்கிக்கொண்ட கால்பந்து. பந்தும் மைதானமும் நீள்வட்டம், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். பந்தைக் கையில் பிடிக்கலாம், பந்து வைத்திருப்பவரைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளலாம். அதையும் சரளைமேல்! முட்டி சிராய்ப்பதெல்லாம் அங்கே பெரிய விஷயமில்லை.

இந்த மைதானம் இப்படி ஆனதற்கும், அங்கே ஒரு லீக் வளர்ந்ததற்கும் காரணம் ஒன்றுதான்: மவுண்ட் லயல் கம்பெனியின் செம்பு. 1896இல் உருக்காலை ஓடத் தொடங்கியது. ராபர்ட் ஸ்டிக்ட் என்ற உலோகவியல் நிபுணர், தாதுவில் இருக்கும் கந்தகமும் இரும்பும் எரிகிற சூட்டிலேயே தாதுவை உருக்கும் முறையை அங்கே நிலைநிறுத்தினார். நிலக்கரிச் செலவு குறைந்தது, கந்தகப் புகை ஊரைச் சூழ்ந்தது. உலைக்கும் சுரங்கத்துக்கும் மரங்களை வெட்டினார்கள், மிச்சத்தைத் தீயும் புகையும் பார்த்துக்கொண்டன. வருடத்துக்கு 2,400 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும் மழை மேல்மண்ணை அரித்துப் போக, மலைகள் மொட்டையாயின. அங்கே புல் வளர்ப்பதற்குப் பதில் சரளை கொட்டுவதே நடக்கிற காரியம்.

மாநிலத் தலைநகர் ஹோபார்ட்டுக்குச் சாலை வந்ததே 1932இல்தான். அதற்கு முன் ரயிலும் கப்பலும்தான் வழி. வெளியூர் அணி எளிதில் வராது. அதனால் உள்ளூர்க்காரர்களே பிரிந்து ஆடினார்கள். அணிப் பெயர்களைக் கேட்டாலே ஊரின் வேலைப் பட்டியல் தெரியும். உருக்காலைக்காரர்களுக்கு ‘ஸ்மெல்டர்ஸ்’, மலைமேல் சுரங்கத்தை ஒட்டிய குடியிருப்புக்குக் ‘கோர்மன்ஸ்டன்’, அப்புறம் ‘லயல்’. 1960களில் வடக்கே போகும் சாலை சரியானதும், துத்தநாகம் எடுக்கும் ரோஸ்பெரி போன்ற ஊர்களும் சேர்ந்து மேற்கு டாஸ்மேனிய ஃபுட்பால் அசோசியேஷன் என்ற ஒரே லீக் ஆனது.

ஆனால் சேர்ந்த நேரம் நல்ல நேரமில்லை. 1969இல் உருக்காலையை மூடினார்கள். எழுபதுகளில் செம்பு விலை சரிந்து பலருக்கு வேலை போனது. கோர்மன்ஸ்டனில் வீடுகள் காலியாக, அந்த அணி லயலோடு இணைந்து ‘லயல்-கோர்மன்ஸ்டன்’ ஆனது. இரண்டு பெயரையும் விட மனசில்லை, பாருங்கள்! பதினெட்டுப் பேரும் மாற்று ஆட்களும் இருந்தால்தான் ஒரு அணி. சுரங்க வேலையைத் தேடி வந்த இளைஞர்கள் வேலை போனால் தங்கமாட்டார்கள். லீக்கை நல்ல சாலை கொன்றுவிட்டது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். வெளியே போய் ஆட வழி திறந்தது உண்மைதான், ஆனால் ஆட ஆள் இருந்திருந்தால் லீக் தாக்குப்பிடித்திருக்கும்.

1990களின் முற்பகுதியில் லீக் முடிந்தது. 1994இல் கம்பெனியும் சுரங்கத்தை விட்டுப் போய்விட்டது. எஞ்சிய ஆட்களைத் திரட்டி ‘குவீன்ஸ்டவுன் க்ரோஸ்’ என்று ஒரே அணி வைத்துக்கொண்டு, வடமேற்குக் கடற்கரைப் பக்கத்து அணிகளோடு ஆட ஆரம்பித்தார்கள். மலைகளில் இப்போது பச்சை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. மைதானத்தில் மட்டும் அதே சரளைதான். மாற்றும் எண்ணம் ஊர்க்காரர்களுக்கு இல்லை. வந்து விழப்போவது எதிரணிதானே!