கடலடித் தந்தியைப் படிக்கக் கற்றவர்கள்

தலைவர் அவர்களே, அன்பர்களே, வணக்கம்.

சிங்கப்பூரின் தந்தி வரலாற்றைப் பேசுகிறவர்கள் கம்பியில் தொடங்கிக் கம்பியிலேயே முடித்துவிடுகிறார்கள். 1871-இன் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாக நம் கரை சேர்ந்த கடலடிக் கம்பி பெரிய சங்கதிதான், மறுக்கவில்லை. வாரக்கணக்கில் கப்பலில் வந்த லண்டன் செய்தி, அதன் பிறகு மிக விரைவில் வரத் தொடங்கியது. கடல்நீர் புகாமல் அந்தக் காலக் கம்பிகளைக் காத்த கட்டாபெர்ச்சா, நம் வட்டாரக் காட்டு மரங்களின் பால். ஆனால் அந்தக் கம்பியில் வந்ததைப் படித்தவர் யார், அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கு ஓரம், கார்ன்வால் மாவட்டத்தில் போர்த்கர்னோ என்றொரு சிறு பள்ளத்தாக்கு. பம்பாயை எட்டும் கம்பித் தொடர் 1870-இல் அங்கே கடலில் இறங்கியது. பின்னாளில் அதே இடம், கடலடித் தந்தியைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் பள்ளியாகவும் வளர்ந்தது.

பாடம் எளிதல்ல. நிலத்துத் தந்தியைக் காதால் கேட்டே எழுதிவிடலாம். ஆயிரக்கணக்கான மைல் கடலைக் கடந்து வரும் மின்னோட்டமோ மிக மெலிந்தது. அதைப் பதிவுசெய்ய இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் 1867-இல் ஒரு கருவி அமைத்தார். மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய், நகரும் காகித நாடாவில் மையால் கோடு இழுக்கும். எழுத்துகளைப் புள்ளியாலும் சிறுகோட்டாலும் குறிப்பதுதான் மோர்ஸ் தந்தி முறை. அந்த மைத்தடம் ஒரு பக்கம் வளைந்தால் புள்ளி, மறுபக்கம் வளைந்தால் சிறுகோடு. இரண்டுக்கும் நீளம் ஒன்றே. தூரம் கூடக் கூட வளைவுகள் ஒன்றோடொன்று குழைந்துபோகும். அந்த நெளிவில் எழுத்தைப் பிரித்தறிய மாணவரின் கண் பழக வேண்டும். என்னைக் கேட்டால், கம்பி போட்ட கப்பலுக்கு நிகரான சாதனை அந்தக் கண்.

போர்க்காலத்தில், 1941-இல், தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் குடைந்த பாறைச் சுரங்கத்துக்குள் போர்த்கர்னோ தந்தி நிலையம் நகர்ந்தது. 1970-இல் நிலையம் மூடப்பட்டது. பள்ளி மட்டும் 1993 வரை நடந்தது. இப்போது அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது.

நம் ராபின்சன் சாலையில் 1927-இல் தந்திக் கம்பெனி கட்டிய மாளிகை இன்று ஹோட்டல். கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டோம், மகிழ்ச்சி. வேலை பழகிய விதத்தையும் காப்பாற்ற வேண்டாமா? தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979-இலேயே தொடங்கியது. உங்கள் குடும்பத்தில் தந்தி வேலை பார்த்த தாத்தா, பெரியப்பா யாரேனும் இருந்தால், அவர் எங்கே, யாரிடம், எப்படிப் பழகினார் என்று இந்த வாரமே கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய நாடாத் துண்டு ஒன்று வீட்டில் கிடந்தாலும் தூக்கிப் போடாமல் காப்பகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.