நல்ல மனம் மட்டும் போதுமா?

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அலுவல்களுக்கிடையே நேரம் ஒதுக்கி முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, அன்போடு வரவேற்புரை வழங்கிய செயலாளர் அவர்களே, காலையிலிருந்து ஓடியாடி உழைத்த இளைஞர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முன்பின் அறியாதவருக்கு உதவ நல்ல மனம் மட்டும் போதுமா என்பது எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. உடலுக்குச் செய்யும் உதவி, பொருளால் செய்யும் உதவி, சொல்லால் செய்யும் உதவி என்று இதை மூன்றாகப் பகுத்துக்கொள்கிறேன். ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்று நான் ஏறிய மேடைகளிலெல்லாம் சொல்லி வருகிறேன். ஆற்றில் இறங்குகிறவனுக்குச் சொன்ன அந்தச் சொல், உதவப் போகிறவனுக்கும் அப்படியே பொருந்தும்.

ரயில் நிலையம் ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். பயணச்சீட்டு வரிசையில் நின்ற ஓர் இளைஞர் வலிப்பு வந்து விழுந்தார். எல்லோரும் ஓடி வந்தார்கள். ஒருவர் கால்களை அமுக்கிப் பிடித்தார். இன்னொருவர் தோளை அழுத்தினார். ஓர் அம்மையார் பாட்டிலைத் திறந்து வாயில் தண்ணீர் ஊற்றப் போனார். நாக்கைக் கடித்துக்கொள்வாரே என்று பதறிய பெரியவர் ஒருவர், சாப்பாட்டுப் பையிலிருந்த கரண்டியை எடுத்துப் பற்களுக்கிடையே நுழைக்கத் தொடங்கிவிட்டார். அவர் கை நடுங்கியது, கண் கலங்கியிருந்தது. அந்தக் கூட்டத்தில் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் கரண்டி பல்லை உடைக்கலாம், உடைந்த பல் மூச்சுக்குழாயை அடைக்கலாம், ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கலாம். அப்போது ஒரு மாணவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “ஐயா, வாயில எதையும் வைக்காதீங்க. அமுக்காதீங்க, கையை எடுங்க” என்றாள். சால்வையை மடித்து அவர் தலைக்கு அடியில் வைத்தாள். பக்கத்திலிருந்த பெட்டிகளை நகர்த்தச் சொன்னாள். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். துடிப்பு அடங்கியதும் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். அங்கே மிகக் குறைவாகச் செய்தவள் அவள்தான். பயன்பட்டதும் அவள் செய்ததுதான். ஆழம் அறியாமல் காலை விடாதவள் அவள் ஒருத்தியே.

1859-இல் இத்தாலியின் சோல்பரினோ போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு, எந்த நாட்டவர் என்று பாராமல், ஊர்ப் பெண்களைத் திரட்டிப் பணி செய்தவர் ஹென்றி டியூனாண்ட் என்ற சுவிட்சர்லாந்து வணிகர். அவர்களிடம் இரக்கத்துக்குக் குறைவில்லை. ஆயினும் 1862-இல் அவர் எழுதிய நூலில் கேட்டது, அமைதிக் காலத்திலேயே தொண்டர்களை ஆயத்தப்படுத்தி வைக்கும் சங்கங்களை. அடுத்த ஆண்டே செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது.

பொருள், சொல் என்ற மற்ற இரண்டுக்கும் இன்று நேரமில்லை; தலைவர் பொறுத்தருள வேண்டும். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் முதலுதவி கற்றிருக்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்த வந்தது. இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தும் முறையை ஒரு பிற்பகலில் பழகிவிடலாம். செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை உலக முதலுதவி நாள். அன்று இதே அரங்கில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தித் தருமாறு மருத்துவப் பெருமக்களை வேண்டுகிறேன். வாசலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒருவராவது பெயர் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.