வடிவமைப்பும் தொடர்பாடலும் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு

வணக்கம் நேயர்களே. உயர்தரப் பரீட்சை எழுதிய, எழுதப்போகிற பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்ற நினைப்பில் பேசுகிறேன்.

முதலில் அவசரமான விஷயம். வடிவமைப்புப் படிக்க, உயர்தரப் பெறுபேற்றில் வருகிற இசட் புள்ளி மட்டும் போதாது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடத்தில் நான்கு வருட வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் இருக்கிறது. இப்படிப்பட்ட பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையோ செயன்முறைப் பரீட்சையோ உண்டு. அதற்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் அந்தப் பாடநெறியை முதலாவது தெரிவாகப் போட்டிருந்தாலும், இந்தப் பரீட்சையில் சித்தியடையாதவருக்கு இடம் இல்லை. அறிவித்தல் பத்திரிகையிலும் பல்கலைக்கழக இணையத்தளத்திலும் வரும், முடிவுத் திகதியும் சீக்கிரம் வந்துவிடும். துணுக்காயிலோ மடுவிலோ இருக்கிற பிள்ளைக்கு யாரும் வீடு தேடி வந்து சொல்லப் போவதில்லை. பாடசாலையில் ஒரு ஆசிரியர் இதைப் பொறுப்பெடுத்துப் பார்த்தால் பெரிய உதவி. தொடர்பாடல் பக்கம்தான் விருப்பம் என்றால் யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கைகளும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைகளும் இருக்கின்றன. தகைமை விபரங்களை ஆணைக்குழுவின் அந்தந்த வருடத்து அனுமதிக் கையேட்டில் பாருங்கள். அண்ணன் படித்த வருடத்துக் கையேட்டை நம்ப வேண்டாம்.

இனிப் பயிற்சி. "எனக்கு வடிவாகக் கீற வராது" என்று ஒதுங்கிவிடாதீர்கள். இந்தப் படிப்புக்கு வேண்டியது பார்த்ததைப் பார்த்தபடி கீறுவது. அடியும் வட்டமாக உள்ள ஒரு பனையோலைக் கடகத்தை மேசையில் வையுங்கள். எச்பி, அதைவிடக் கருமையான 2பி, 6பி பென்சில்கள் போதும். கடகத்தின் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும், ஆனால் இருந்த இடத்திலிருந்து அது நீள்வட்டமாகத்தான் தெரியும். பெரும்பாலானோர் அந்த நீள்வட்டத்தின் இரு நுனிகளையும் மாவிலை மாதிரிக் கூராக்கிவிடுவார்கள். நுனியும் வளைந்துதான் திரும்பும். அடுத்த பிழை அடிப்பகுதி. மேசையில் தட்டையாக இருக்கிறதே என்று நேர்கோடு போட்டுவிடுவார்கள். கடகம் கண்மட்டத்துக்குக் கீழே இருந்தால் அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இது பிழைத்தால் கடகம் முன்னுக்குச் சரிந்து நிற்கிற மாதிரி இருக்கும். ஒரு கடகத்தை மூன்று பக்கத்தில் இருந்து, ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்குள் கீறுங்கள். நேரம் வைத்துப் பழகாதவருக்குப் பரீட்சை மண்டபத்தில் கை ஓடாது.

அடுத்தது யோசனை. டெங்கு ஒழிப்புக்கு ஒரு சுவரொட்டி செய் என்றால் உடனே பெரிய நுளம்பு ஒன்றைக் கீறிவிடுவோம். பார்க்கிறவருக்கு நுளம்பு விளங்கும், தான் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்காது. தண்ணீர் தேங்கிய சிரட்டையையும் அதைக் கவிழ்க்கிற கையையும் போட்டால் செய்யவேண்டிய வேலை விளங்கிவிடும். ஆகையால் முதலில் வந்த எண்ணத்தோடு நிற்க வேண்டாம். தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் இருபது சிறு வரைவு போடுங்கள். முதல் ஐந்தும் எல்லாருக்கும் வருகிறவைதான். பிறகு நல்லதென்று பட்டதைப் பெரிதாகக் கீறி, அடுத்த வீட்டு ஆச்சியிடம் ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, "இது உங்களை என்ன செய்யச் சொல்லுது, ஆச்சி?" என்று கேளுங்கள். "வடிவாக இருக்கா?" என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்வார், அதில் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

வன்னியில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த ஒரு பலகையை நினைத்துப் பாருங்கள்: மிதிவெடி அபாயப் பலகை. சிவப்பு நிறம், மண்டையோடு, அதோடு எழுத்து. வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் அந்த மண்டையோடு நிறுத்தும். அதே பலகையை வடிவமைப்பாளரின் கண்ணால் பார்த்தால் கேள்விகள் தொடங்கும். வெயிலில் சிவப்பு வெளிறினால் தூரத்தில் இருந்து தெரியுமா? ஒரு பக்கம் மட்டும் எழுதியிருந்தால் காட்டுப் பக்கமாக விறகோடு வருகிறவருக்கு அது வெறுந்தகடுதானே? புல் எவ்வளவு உயரம் வளரும்? தொடர்பாடல் வகுப்பில் கேட்கப்படுவதும் இப்படியான கேள்விகள்தான். நிறமும் எழுத்துருவும் அதற்குப் பிறகு.

தமிழ் எழுத்தைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல விரும்புகிறேன். மும்மொழிப் பலகைகளில் மற்ற மொழிகளுக்கு இடம் ஒதுக்கிய பிறகு தமிழ்ச் சொல்லை நெருக்கிச் செருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம்முடைய சொற்கள் நீளமானவை. கட்டத்தைப் போடும்போதே நீளமான சொல்லை வைத்துத்தான் அளக்க வேண்டும். 'கி'யின் மேல்விலங்கு மேலே போகும், 'கு'வின் வளைவு கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் இவை ஒன்றோடொன்று முட்டும். வரி இடைவெளியை எழுத்தின் அளவைப்போல ஒன்றரை மடங்கில் தொடங்கிப் பாருங்கள்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல்தான் வரும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் போன்ற வடிவமைப்பு மென்பொருட்களில் தென்னாசிய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால், 'கொ'வில் ஒற்றைக்கொம்பு முன்னுக்கு வராமல் எழுத்து உடைந்து நிற்கும். அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தை வடிவக்கோடாக, அதாவது வெறும் கோட்டுருவமாக மாற்றி, தாளை வெட்டும்போது ஓரம் வெளுக்காமல் இருக்க நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் வெட்டுமிகை விட்டு, படங்களை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவில் வையுங்கள். மாற்றாத மூலக்கோப்பு ஒன்றும் உங்களிடம் இருக்கட்டும். வடிவக்கோடாக்கிய பிறகு எழுத்துப்பிழை கண்டால் சொல்லைத் திருத்த முடியாது.

மொறட்டுவையில் படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். செய்ததைச் சுவரில் மாட்டி, ஏன் இப்படிச் செய்தாய் என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள். அதற்குப் பழக, இப்போதே ஒவ்வொரு வரைவுக்கும் கீழே இரண்டு ஆங்கில வாக்கியத்தில் காரணம் எழுதுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு. அனுமதி கிடைத்தவுடன் கடன்பட்டு விலைகூடிய மடிக்கணினி வாங்க வேண்டாம். இங்க்ஸ்கேப், ஜிம்ப், ஸ்கிரைபஸ் என்ற வடிவமைப்பு மென்பொருட்கள் மூன்றும் இலவசம், சாதாரணக் கணினியிலும் பழகலாம். முதல் தவணைக்கு எந்தக் கருவி வேண்டும் என்று பிள்ளை மூத்த மாணவர்களிடம் கேட்டு வரட்டும், அதன் பிறகு காசை எடுங்கள்.

நன்றி, வணக்கம்.