அதே கல், அதே உயரம்

வணக்கம். பழைய வீட்டை ஒட்டிப் புதிதாக ஓர் அறை எடுக்கப் போனால் கொத்தனார் முதலில் கேட்பார்: "பழசு மாதிரியே இழுத்துடலாமா, இல்ல இது தனியாத் தெரியணுமா?" கட்டடக்கலை படித்த எனக்கே அந்த இடத்தில் சட்டென்று பதில் வராது. அமெரிக்காவின் பாஸ்டன் பொது நூலகம் இந்தக் கேள்வியோடு அரை நூற்றாண்டு மல்லுக்கட்டியிருக்கிறது.

காப்ளி சதுக்கத்தில் அதன் மூலக் கட்டடம் 1895-இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் சார்லஸ் மெக்கிம். வரிசையாக வளைவு ஜன்னல்கள், படிக்கட்டில் இரண்டு பளிங்குச் சிங்கங்கள், நடுவில் தூண்கள் சூழ்ந்த முற்றம். வாசலுக்கு மேலே, 'எல்லோருக்கும் இலவசம்' என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். அந்த வாசகத்தை நினைவில் வையுங்கள்.

புத்தகங்களுக்கு இடம் போதவில்லை. பக்கத்திலேயே புதிய கட்டடம் கட்டும் வேலை பிலிப் ஜான்சனிடம் வந்தது. 1972-இல் அது திறக்கப்பட்டது. பழையதற்குப் பயன்பட்ட அதே மில்ஃபோர்ட் கிரானைட், லேசான ரோஜா நிறம். கூரை விளிம்பும் பழையதோடு ஒரே மட்டத்தில் போகிறது. சிற்ப வேலைப்பாட்டை அவர் நகலெடுக்கவில்லை. வளைவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பிரம்மாண்டமாக ஊதிவிட்டார். பழையதற்கு அடங்கியும் இருக்கிறது, தன் காலத்தையும் மறைக்கவில்லை. இதுவரை அவருக்கு முழு மதிப்பெண் போடுவேன்.

அப்புறம் கீழே பார்க்க வேண்டும். தெருவோரம், ஜன்னல்களுக்கு முன்னால், கிரானைட் பலகைகளை வரிசையாக நட்டு வைத்துவிட்டார். கண்ணாடியும் கருமை படிந்தது. நடைபாதையில் போகிறவருக்கு உள்ளே புத்தகம் இருக்கிறதா, பத்திரப் பதிவு நடக்கிறதா என்றே தெரியாது! கல்லும் உயரமும் அச்சு அசலாகப் பொருந்தின. பக்கத்து வாசலில் பொறித்த வாசகம் மட்டும் சுவர் தாண்டி வரவில்லை. பழைய கட்டடத்தை ஒட்டி எதையாவது கட்டுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள் என்பது என் எண்ணம். நிறத்தையும் அளவையும் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பார்கள், வருகிறவரை அது எப்படி வரவேற்றது என்பதை மறந்துவிடுவார்கள்.

சரி, திருத்தினார்களா? திருத்தினார்கள். வில்லியம் ரான் நிறுவனத்தின் வடிவமைப்பில் புதுப்பித்த கட்டடம் 2016-இல் மறுபடி திறந்தது. பலகைகளைப் பெயர்த்தெடுத்தார்கள். கருமைக் கண்ணாடி போய்த் தெளிந்த கண்ணாடி வந்தது. வளைவிலும் கூரை மட்டத்திலும் கை வைக்கவில்லை. தெருவிலிருந்தே இப்போது உள்ளே நடப்பது தெரிகிறது.

தெருப்பக்கத்தில் ஒரு காபிக் கடையும், அதை ஒட்டி ஒரு வானொலி நிலையத்தின் ஒலிபரப்புக் கூடமும் வந்திருக்கின்றன. பேசுகிறவரைப் பார்த்தபடியே காபி குடிக்கலாம். நான் இப்போது உட்கார்ந்து பேசும் அறைக்கு ஜன்னலே கிடையாது.