மணலில் வாக்கர் நடக்காது

நேயர்களுக்கு வணக்கம். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுத்தே காலம் தள்ளிய ஓர் அம்மாளுக்கு மதுரையில் முழங்கால் மூட்டை மாற்றி, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பயிற்சி கொடுக்கப் போன பிசியோதெரபிஸ்ட் நான். தெருவில் வண்டி நின்றது. அங்கிருந்து வாசல் வரை முப்பது அடி மணல். வாக்கரின் ரப்பர் குமிழ்கள் நான்கும் புதைந்துகொண்டன. கடைசியில் நாற்காலியோடு தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். மறுநாள் பழைய படகுப் பலகைகளை வரிசையாகப் போட்டோம். ஆபரேஷனுக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய பலகைகள் அவை.

ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது உங்கள் கையில் இருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலத்தை யோசியுங்கள். விசைப்படகுக்குப் போகும் ஆண்கள் கரையில் இருப்பார்கள். தாங்கிப் பிடிக்க ஆள் கிடைக்கும். அதற்குள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சொத்தைப்பல், பாறை கிழித்த கால்புண் எதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அங்கிருக்கும் கிருமி இரத்தத்தின் வழியே புது மூட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் கட்டில், கம்மோடு நாற்காலி இரண்டும் தயாராக இருக்கட்டும். தரையில் கிடக்கும் பாயையும் வலையையும் சுருட்டி ஓரம் கட்டுங்கள்.

அந்த அம்மாளின் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை இருந்தது. “இப்படி வைத்தால்தான் அம்மாவுக்கு வலி தெரியவில்லை, சார்” என்றாள் மகள். பாசத்தில் வைத்த தலையணைதான். ஆனால் மடங்கிய நிலையிலேயே கிடந்தால் மூட்டைச் சுற்றிய தசையும் தழும்பும் அப்படியே இறுகிவிடும். பிறகு ஆயுளுக்கும் நொண்டல்தான். தலையணையை எடுத்துக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும் வரை பிடித்து விடச் சொன்னேன். பத்து முறை. “நீ டாக்டரா, போலீஸா?” என்று கேட்டார்.

மடக்குவதும் அப்படித்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தை மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பெரும்பாலோருக்கு முதல் இரண்டு வாரத்தில் 90 டிகிரியை எட்டுவதுதான் இலக்கு. மருத்துவர் எழுதிய வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி முன்னதாகப் போட்டுக்கொள்ளலாம். வீக்கத்துக்கு ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். நம் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லைதான், மீன் பெட்டி ஐஸ் மட்டும் வேண்டாம்! படி ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். புண் முழுதாக ஆறும் வரை கடல் குளியலும் தீர்த்தமாடலும் கூடாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு புண் கசிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நான்காம் மாதம் அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். கடலுக்குள் இறங்குவதை விட்டுவிட்டு, உயரமான முக்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் கொண்டுவந்த பாசியில் சிப்பியும் கல்லும் பொறுக்கிக்கொண்டிருந்தார். வாக்கர் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. வாசல் பலகைகளில் மீன் காய்ந்துகொண்டிருந்தது.