2,300 ரூபாய் இல்லை மக்களே, 2,300 மில்லி!

ஸ்தோத்திரம் மக்களே, வணக்கம். உங்கள் மக்ரூன் அண்ணாச்சிதான். அதே நீல நாற்காலி, அதே கடுங்காபி. சர்க்கரை போடாத கடுங்காபி. முப்பது வருடம் பேக்கரியில் சர்க்கரையில் கை வைத்தவன் சர்க்கரையில்லாமல் குடிக்கிறேன், அதைக் கவனியுங்கள்.

இன்றைக்கு முந்திரி உடைக்கிற வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒன்று நடந்துவிட்டது. அதைச் சொல்லாமல் என்னால் முந்திரியில் கை வைக்க முடியாது.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. எங்கள் வீட்டம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரே டீச்சர் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, அது வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ். ஒரு நாளைக்கு நான்கு தடவை, காலை ஆறு, பதினொன்று, சாயங்காலம் ஐந்து, இரவு பத்து. ஒவ்வொரு தடவையும் இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் உள்ளே போகும், பழைய தண்ணீர் வெளியே வடியும். மாதத்துக்கு 120 பை. எங்கள் வீட்டு முன்னறையில் சோபா இருந்த இடத்தில் இப்போது அட்டைப்பெட்டிதான் இருக்கிறது, வருகிறவர்கள் அதன் மேலேயே உட்காருகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை பதினொரு மணிப் பை. இரண்டு லிட்டர் உள்ளே போட்டிருக்கிறேன், வெளியே 900 மில்லிதான் வந்தது. அப்படியே நின்றுவிட்டது. குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கிளிப் திறந்திருக்கிறதா, திறந்திருக்கிறது. டீச்சரை எழுப்பி நிற்க வைத்தேன், இந்தப் பக்கம் சாய்த்தேன், அந்தப் பக்கம் சாய்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை.

அப்புறம் முழங்கால் போட்டேன். ஒரு மணி நேரம். "ஆண்டவரே, மோசேக்குக் கன்மலையைத் திறந்தீரே" என்று ஆரம்பித்து செங்கடல் வரைக்கும் போய்விட்டேன். டீச்சர் கட்டிலிலிருந்து, "ஆண்டவருக்கு வரலாறு பாடம் எடுத்தது போதும், நர்ஸுக்குப் போன் போடுங்க" என்றாள்.

போட்டேன். அந்தப் பொண்ணு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வி கேட்டது. "அங்கிள், ஆண்ட்டி வயிறு சரியா போய் எத்தனை நாளாச்சு?"

மூன்று நாள்! மலச்சிக்கல் மக்களே. குடல் நிறைந்து கிடந்தால் உள்ளே இருக்கிற குழாயை அது நெருக்கிவிடும், தண்ணீர் வடியாது. இது அடிக்கடி நடக்கிறதுதானாம். அடுத்த பையை உள்ளே விடாதீர்கள், முதலில் வயிறு இளகுகிற மருந்தைக் கொடுங்கள் என்று சொன்னது. மருந்து கொடுத்தேன். ஐந்து மணிக்கு... சரி, விவரம் வேண்டாம், டீச்சர் பார்த்தால் என்னை வீட்டைவிட்டுத் துரத்துவாள். திரும்பவும் குழாயைத் திறந்தேன். மீதி 1,400 வந்தது. 900ம் 1,400ம் எவ்வளவு? 2,300! உள்ளே போட்டது 2,000, வெளியே வந்தது 2,300. அந்த 300 மில்லிதான் மக்களே டீச்சரின் காலில் வீங்க வேண்டிய தண்ணீர், நுரையீரலில் ஏற வேண்டிய தண்ணீர். மக்ரூன் வெடிக்காமல் எழும்பி வந்த நாளில்கூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இரண்டாயிரம் போட்டால் எப்படி 2,300 வரும் என்று போன தடவை நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பேக்கரிக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விதான் அது. அந்த மருந்தில் இருப்பது சர்க்கரை. சர்க்கரை தண்ணீரை இழுக்கும். மழை நாளில் மக்ரூன் டப்பாவைத் திறந்து வைத்தால் பிசுபிசுத்துப் போகிறதே, அதே குணம்தான். உடம்பில் நிற்கிற தண்ணீரைச் சர்க்கரை தன் பக்கம் இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது. எங்கள் பைகளில் மஞ்சள் மூடி 1.5 சதவீதம், பச்சை 2.5, சிவப்பு 4.25. சர்க்கரை கூடக் கூட இழுப்பும் கூடும். அதற்காக வீக்கம் என்றதும் நாமாகவே சிவப்பைத் தூக்கக் கூடாது, எந்த மூடி என்று டாக்டர்தான் சொல்வார். முப்பது வருடம் தூத்துக்குடியில் சர்க்கரையையும் முட்டை வெள்ளைக்கருவையும் அடித்தேன். இப்போது அதே இரண்டும்தான் டீச்சரைக் காப்பாற்றுகின்றன. வடிகிற தண்ணீரோடு உடம்பின் புரதமும் கொஞ்சம் போய்விடுகிறது, அதற்கு ஈடாகத் தினமும் வெள்ளைக்கரு கொடுக்கிறேன். அவளுக்கு அது கண்டாலே ஆகாது. "இதை மக்ரூனாக்கித் தாங்களேன்" என்கிறாள். சர்க்கரை வியாதியும் இருக்கிறது அம்மா, நடக்காது.

அட, தராசு விஷயத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். அது தெரியாமல் 2,300 என்ற கணக்கே உங்களுக்குப் புரியாது. வடிந்த பையைக் கொக்கியில் மாட்டி எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும். ஒரு கிராமை ஒரு மில்லி என்று வைத்துக்கொள்வோம். முதலில் 280 ரூபாய்க்கு ஒரு ஸ்பிரிங் தராசு வாங்கினேன். எனக்கு அதைப் பார்த்த அன்றைக்கே பிடிக்கவில்லை. முள் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பேக்கரியில் கிடந்த முத்திரை போட்ட ஒரு கிலோ இரும்புக் கல்லை மாட்டிப் பார்த்தேன். 1,060 காட்டுகிறது! 60 கிராம் பொய். ஒரு நாளைக்கு நான்கு தடவை, 240 கிராம் பொய். எவ்வளவு தண்ணீர் வெளியே போகிறது என்று டாக்டருக்குக் காட்டுகிற கணக்கில் 240 பொய்! கடைக்காரரிடம் கொண்டுபோனேன். "அண்ணாச்சி, வீட்டுக்குத்தானே, இதெல்லாம் ஒரு வித்தியாசமா?" என்றார். மக்ரூனில் அஞ்சு கிராம் சர்க்கரை தப்பினால் தட்டு முழுக்கத் தட்டையாகிவிடும், என்னிடம் போய் இதைச் சொல்கிறார். இரண்டு தடவை நடந்தேன், பணம் திரும்பி வரவில்லை. 650 ரூபாய் கொடுத்து டிஜிட்டல் வாங்கினேன். இதோ பாருங்கள்... கல்லை மாட்டுகிறேன்... 1,000. பார்த்தீர்களா? ஒரு கிராம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. காலிப் பையின் எடையையும் கழித்துக்கொள்கிறேன். அதனால் 2,300 என்றால் 2,300தான், நம்பலாம்.

சரி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிப் பையை முடித்துவிட்டு எட்டரை ஆராதனைக்குப் போனேன். ஸ்தோத்திரக் காணிக்கை, அதாவது நன்றிக் காணிக்கைக் கவரை எடுத்தேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், பெயர் எழுத ஒரு கோடு, தொகைக்கு ஒரு கோடு, காரணத்துக்கு ஒரு கோடு. பிறந்தநாள், திருமணநாள், பையனுக்கு வேலை, புது வீடு, சுகம் பெற்றதற்காக. எங்கள் வீட்டுக்கு இதில் எந்தக் கோடு? டீச்சர் சுகம் பெறவில்லை. பெறப் போவதாக டாக்டரும் சொல்லவில்லை. அதற்காக ஸ்தோத்திரம் சொல்லாமல் இருக்க முடிகிறதா? உண்மைக் காரணத்தை எழுதினால் வயிறு போனதற்காக என்றுதான் எழுத வேண்டும். அதைச் சபையில் எப்படி வாசிப்பார்கள்? யோசித்து, "டீச்சருக்கு 2,300 வடிந்ததற்காக" என்று எழுதி, 500 ரூபாய் வைத்து, போட்டுவிட்டேன். தொகைக் கோட்டில் ஒன்றும் எழுதவில்லை. என் தப்புதான் அது.

செயலாளர் தம்பி வாசிக்கிறார். "டீச்சர் குடும்பத்தார், டீச்சர் சுகம் பெற்றதற்காக, ரூபாய் இரண்டாயிரத்து முந்நூறு."

எனக்கு மயக்கமே வந்துவிட்டது. ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் ஏழு பேர் கை கொடுத்துவிட்டார்கள். "டீச்சர் சுகமாயிட்டாங்களாமே அண்ணாச்சி, பையெல்லாம் நிறுத்தியாச்சா?" ஒருவரிடம் விளக்கினேன், இரண்டு பேரிடம் விளக்கினேன். பதினொரு மணிப் பைக்கு நேரமாகிவிட்டது, மற்றவர்களுக்குச் சிரித்து வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

காசு போகட்டும். அந்தச் "சுகம் பெற்றதற்காக"தான் எனக்குத் தாங்கவில்லை. சும்மா சொல்கிற வார்த்தை இல்லை அது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஜெபக் கூட்டம் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? எங்கள் சபை இல்லை, வேறு. சத்தமாக ஜெபித்துவிட்டு, "விசுவாசத்தோடு பையை நிறுத்துங்கள், அறிக்கையிடாத பாவம் இருக்கிறதா பாருங்கள்" என்றார்கள். பையை நிறுத்தினால் சில நாளில் மூச்சு விடவே முடியாது, அது அவர்களுக்குத் தெரியாதா? பைபிளில் எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள்கூட முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் யோபு அவர்களை "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்கிறான். இளநீரும் ஆரஞ்சுமாகக் கொண்டுவருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பாசம் புரிகிறது. ஆனால் அதில் பொட்டாசியம் கூடுதல், சிறுநீரக நோயாளிக்கு யாரையும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. எதிர்வீட்டுப் பரவர் அக்கா பனிமய மாதா கோயிலிலிருந்து எண்ணெய் கொண்டுவந்தார்கள், நாங்கள் வேறு சபை என்றாலும் நெற்றியில் பூசிக்கொண்டோம். அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்.

எல்லா நாளும் இப்படி உற்சாகமாக இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வடிந்த பையைச் சபைப் பத்திரிகை மேல் வைத்துப் பார்ப்பேன். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நல்லது, மங்கினால் உள்ளே கிருமி. ஜனவரியில் ஒரு காலை எழுத்தே தெரியவில்லை, மோர் மாதிரி இருந்தது. மூன்று வாரம் ஆன்டிபயாடிக். அந்த மூன்று வாரமும் எனக்கு ஜெபமே வரவில்லை. பைபிளில் 13ஆம் சங்கீதத்தில் முதல் வரியை மட்டும் சொல்லுவேன், "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று. அந்தச் சங்கீதம் பாடுவதில் போய் முடிகிறது, நான் அதுவரைக்கும் போகவில்லை.

இன்னொன்று, போன வீடியோவில் ஒரு மேதாவித்தனம் பண்ணினேன். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்றுதான் பவுல் எழுதிய தெசலோனிக்கேயர் நிருபத்தில் இருக்கிறது, எல்லாவற்றிற்காகவும் என்று இல்லை என்றேன். ஒரு தம்பி பவுலின் இன்னொரு நிருபமான எபேசியர் 5:20ஐ எழுதி அனுப்பினார். அங்கே "எல்லாவற்றிற்காகவும்" என்றே இருக்கிறது! மாட்டிக்கொண்டேன். டீச்சரிடம் கேட்டால், "பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார், நீங்க நீல நாற்காலியில் உட்கார்ந்து வாதாட வேண்டாம்" என்கிறாள். இருக்கட்டும். இந்த வியாதிக்காக ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. 2,300க்கு வருகிறது. டென்காஃபுக்கு வருகிறது. யார் என்கிறீர்களா? டீச்சர் வயிற்றில் இருக்கிற குழாய்க்கு அவர் பெயர்தான். அமெரிக்காவில் 1968இல் அந்தக் குழாயைப் பற்றி எழுதியவர். அப்புறம் ஓரியோபுலோஸ், டொரோண்டோ டாக்டர். முதலில் இந்த மருந்து கண்ணாடி பாட்டிலில்தான் வந்ததாம், அதைப் பிளாஸ்டிக் பைக்கு மாற்றியவர் அவர். கண்ணாடி பாட்டில் 120 என்றால் எங்கள் முன்னறை என்னவாகியிருக்கும்? இரண்டு பேர் பெயரையும் இரவு ஜெபத்தில் சொல்கிறேன். டென்காஃபை டீச்சர் ஒவ்வொரு தடவையும் திருத்துகிறாள், "ஃப் அழுத்தமாக" என்று.

செயலாளர் தம்பி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நேற்று சாயங்காலம் வந்தார். கணக்கில் 1,800 குறைகிறதாம். சரியாக ஐந்து மணிப் பைக்கு வந்து மாட்டிக்கொண்டார். முகக்கவசம் கொடுத்து, கை கழுவ வைத்து, அட்டைப்பெட்டியில் உட்கார வைத்தேன். ஃபேன் ஓடக் கூடாது, கதவு திறக்கக் கூடாது, குழாயைச் சேர்க்கும்போது பேசக் கூடாது. நாற்பது நிமிடம் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். வடிகிறதையே பார்த்துக்கொண்டிருந்தார். தராசில் மாட்டினேன். 2,180. "அண்ணாச்சி, இதுதானா அந்த 2,300?" என்றார். இதேதான் தம்பி.

பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தார். டீச்சர் கையில் சிவப்புப் பேனா கொடுக்காத குறைதான். "சுகம் பெற்றதற்காக என்பதை அடிங்க. வடிந்ததற்காக என்று எழுதுங்க. 'ந்'தானே போட்டீர்கள்? ரூபாய் ஐந்நூறு." எழுதினார். வருகிற ஞாயிறு திருத்தி வாசிக்கிறாராம். 1,800க்கு என்ன செய்வது என்றார். டீச்சர் சிரித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் வடியட்டும் தம்பி, தவணையில் தருகிறோம்" என்றாள். டீச்சர் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது, அதைச் சொல்லத்தான் இந்த வீடியோவே.

மணி என்ன? நாலே முக்கால். பை சூடாகியிருக்கும். ஃபேனை நிறுத்தவேண்டும், உங்களையும்தான். முந்திரி அடுத்த வாரம், நிச்சயமாக... கை கழுவப் போகிறேன்.